கோழிக்குக் கட்டிய கிழக்கு வாசல்

பூவராகவனுக்கு எந்த விஷயத்தையும் ஒரே ஆளிடம் கேட்கிற பழக்கம் கிடையாது. செருப்பு வாங்க ஊத்துக்கோட்டை சந்தைக்குப் போனால் போகிற வழியில் நாலு பேரிடம் கேட்பான், சந்தைக்குள் நாலு பேரிடம் கேட்பான். எட்டுப் பேரும் எட்டு விதமாகச் சொல்வார்கள். கடைசியில் வெறுங்காலோடு வீடு வந்து சேருவான். "செருப்பு எங்கய்யா?" என்று பெண்டாட்டி செங்கம்மாள் கேட்டால், "தோலா டயரான்னு ஒரே பேஜாராப் பூட்ச்சிமே, அடுத்த சந்தைல பாத்துக்கலாம்" என்பான். அடுத்த சந்தைக்குள் முள் குத்தி நாலு நாள் நொண்டுவான்.

ஆள் கெட்டவனா என்றால் சத்தியமாக இல்லை. சூது வாது தெரியாது, உழைக்கச் சொன்னால் முதுகு வளைத்து உழைப்பான். ஒரு முடிவு எடு என்று சொல்லிவிட்டால்தான் கையும் ஓடாது, காலும் ஓடாது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் அவன் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த நிலத்தை எழுபத்தி நாலாம் வருஷம் ஒரு கம்பெனி வாங்கி வேலி போட்டது. உழுதவர்களுக்கு வேலை தருகிறோம், வந்து நில்லுங்கள் என்றார்கள். கம்பெனிக்கு இரண்டு கேட்டு. ஒன்றில் உலை வேலைக்கு ஆள் எடுத்தார்கள், இன்னொன்றில் லோடு ஏற்ற ஆள் எடுத்தார்கள். பக்கத்து வீட்டு யேசுதாஸ் நேராகப் போய் முதல் கேட்டில் நின்றான், சாயங்காலம் காக்கிச் சட்டையோடு திரும்பினான். பூவராகவன் இரண்டு கேட்டுக்கும் நடுவில் புளியமரத்தடியில் நின்று, வருகிறவன் போகிறவனை எல்லாம் பிடித்து எது தேவலை என்று விசாரித்துக்கொண்டிருந்தான். மத்தியானம் மணி அடித்தது. இரண்டு கேட்டையும் சாத்திவிட்டார்கள்.

அன்றையிலிருந்து நிலமும் இல்லை, கம்பெனியும் இல்லை. செங்கம்மாள் விடியற்காலையில் நடவுக்கும் களைக்கும் போனாள். பூவராகவன் வீட்டில் இருந்தான். டீக்கடையில் உட்கார்ந்தால், "உனக்கு இன்னாப்பா, பொஞ்சாதி ஒழச்சிப் போட்றா, துன்னுட்டு தூங்கு" என்று கிண்டல். சிரித்துக்கொண்டே எழுந்து வருவான். வீட்டுக்கு வந்தபிறகு சோறு இறங்காது. தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருப்பான். இரண்டு வருஷம் இப்படி ஓடியது.

வீடு என்று சொன்னேனே, அதையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்குக் கடைசியில் பத்து சென்ட் நிலம், அதில் அவன் அப்பன் போட்ட பனை ஓலைக் குடிசை. வண்டிப்பாதை தெற்கே போகிறது என்று வாசலையும் தெற்கே வைத்துவிட்டுப் போய்விட்டார் அந்த மனுஷன். தெற்கு வாசல் எமன் வாசல் என்று ஊரே சொல்லும். அந்த வாசலும் இடுப்பளவுதான், முதுகை வளைத்துக் குனிந்துதான் நுழைய வேண்டும். கல்யாணத்துக்கு முந்தியே இரண்டு ஐப்பசி மழையில் வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் கரைந்து முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டன. மேலே எடுத்துக் கட்டலாம் என்றால் மண்ணா செங்கல்லா என்பதில் பூவராகவனுக்கு இன்னும் முடிவு வரவில்லை. அதுவரைக்கும் ஓலைத் தட்டியைச் சாத்தி வைத்திருந்தான். காற்று இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போகும். கோடையில் சொர்க்கம். மார்கழி வந்தால் மகள் செண்பகத்துக்கு நெஞ்சு கட்டிக்கொண்டு, மூச்சு விடுகிற சத்தம் பாதை வரை கேட்கும்.

செங்கம்மாள் அந்தக் குடிசைக்கு வாழ வந்து பதினோரு வருஷம். நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. "நாலு பக்கம் சொவரு, கெழக்கப் பாத்த ஒரு வாசல். அவ்ளோதான்யா நான் கேக்கறது" என்பாள். "அடுத்த தைல பாத்துக்கலாம்மே" என்பான். பதினோரு தை போனது.

அப்படி இருக்கும்போதுதான் எழுபத்தி ஆறில் கோழி வந்தது.

வட்டார ஆபீசில் நிலம் போனவர்களுக்கு ஆளுக்கு நூறு கறிக்கோழிக் குஞ்சு கொடுக்கிறார்கள் என்று தமுக்கு அடித்தார்கள். முட்டைக்கு இல்லை, கறிக்கு மட்டும் வளர்க்கிற வெள்ளைக் கோழி. பத்து வாரத்தில் கிடுகிடுவென்று வளர்ந்துவிடும், அவர்களே வந்து எடுத்துக்கொண்டு அடுத்த நூறு குஞ்சு கொடுப்பார்கள். கொட்டகைக்கு வேண்டிய சவுக்குக் கம்பு, மூங்கில், ஓலை, கம்பி வலை எல்லாம் ஆபீசே தரும். இதற்கு மட்டும் பூவராகவனை யோசிக்க விடவில்லை செங்கம்மாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பெயர் எழுத வைத்தாள்.

பங்குனி முதல் வாரம் கோழி இன்ஸ்பெக்டர் அருணாச்சலம் சைக்கிளில் வந்தார். ஒல்லியான மனுஷர், சட்டைப்பையில் டேப்பு, கையில் ஒரு காகிதம். நின்ற வாக்கிலேயே சொன்னார்.

"நல்லா கேட்டுக்குங்க பூவராகவன். குஞ்சுக்கு ஒரு சதுர அடி இடம் வேணும். கொட்டகை கிழக்கு மேற்கா நீளமா இருக்கணும், அப்பதான் வெயில் உள்ள அடிக்காது. சுவர் முழங்கால் உயரம் போதும், அதுக்கு மேல கம்பி வலை. காத்து நல்லா வந்து போகணும். தண்ணி தேங்காத மேட்டுல போடுங்க. படம் இதுல இருக்கு. கடைசி வெள்ளிக்கிழமை குஞ்சு வருது. அதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை நான் வந்து பாப்பேன். கொட்டகை சரியில்லன்னா உங்க பேரை அடிச்சுட்டு அடுத்த ஆளுக்குக் குடுத்துருவோம். மறுபடி எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

"சரிங்க சார்" என்றான் பூவராகவன். அவனுக்குக் கேட்க இருபது கேள்வி இருந்தது. முதல் கேள்வி வாய்க்கு வருவதற்குள் சைக்கிள் பாதை திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது கூத்து. முதலில் இடம். பத்து சென்ட்டுக்குள் கையில் முளைக்குச்சியோடு இரண்டு நாள் சுற்றினான். புங்கமரத்தடியில் அடித்தால் நிழல் உண்டு, பாம்பும் உண்டு என்றார்கள். பிடுங்கினான். பாதையோரம் அடித்தால் நாலு பேர் கண்படும் என்றார்கள். பிடுங்கினான். ஏரிப் பக்கம் அடித்தான், கீரிப்பிள்ளை வரும் என்றார்கள். மூன்றாம் நாள் காலை பார்த்தால் கொல்லை முழுக்க முளைக்குச்சி. செங்கம்மாள் தடுக்கி விழுந்து எழுந்தாள்.

"யோவ்! வைக்கப்போர் போட்ட மேடு கீதே, அது உன் கண்ணுக்குத் தெரியலயா?" என்று கத்தினாள். குடிசையிலிருந்து பதினைந்து எட்டு வைக்கிற தூரத்தில் மேடான இடம். தண்ணீர் நிற்காது. அங்கேதான் என்று ஆனது.

அடுத்து ஆதிகேசவன் வந்தார். சுற்றுப்பட்டு மூன்று ஊரில் எந்த ஓலை வீட்டைக் கேட்டாலும் அவர் கட்டியதுதான். வீட்டைத் தவிர வேறு எதுவும் அவர் வாழ்நாளில் கட்டியதில்லை. இன்ஸ்பெக்டர் கொடுத்த காகிதத்தை வாங்கி நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொட்டகையை மேலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி கோடு போட்ட படம் அது.

"இது இன்னாடா, ஊட்ட எவனாச்சும் மேலருந்து பாப்பானா? காக்காய்க்கா கட்டப் போறோம்?" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கெழக்கு மேக்கா நீளம் வைக்கணும்னாருண்ணா."

"அப்படி வச்சா வாசல் எங்கடா வரும்? நீளச் சொவர்லதான வரும்? ஒண்ணு வடக்கப் பாக்கும், இல்லன்னா தெக்கப் பாக்கும். வடக்க அல்லாம் முள்ளுப் பொதரு. தெக்க வைக்கிறியா? ஏற்கெனவே ஒரு தெக்கு வாசல் வச்சிகினு நீ படற பாடு போதலயா? வாயில்லா ஜீவன் நூறு. எமன் பாக்கற தெசயில கதவத் தெறந்து வுடுவியா?"

அகலப் பக்கத்துக் குட்டைச் சுவரில் கிழக்கே பார்த்து வாசலை வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். அந்தப் பக்கத்து ஓலை வீடுகளில் குட்டைச் சுவரில் வாசல் வைக்கிற வழக்கமே கிடையாது. சட்டைக்கு முதுகுப் பக்கம் பித்தான் வைக்கிற மாதிரி அது. ஆதிகேசவனுக்கும் தோன்றவில்லை, பூவராகவனுக்கும் தோன்றவில்லை. "நீளத்த தெக்கு வடக்கா திருப்பிப் போட்றா, வாசல் தானா கெழக்கப் பாக்கும்" என்றார் ஆதிகேசவன். பூவராகவன் தலையை ஆட்டினான். நல்ல நாள் பார்த்து, நூல் பிடித்து, தேங்காய் உடைத்து, கோழிக் கொட்டகைக்கு மனை போட்டார்கள்.

சுவர் முழங்காலுக்கு வந்தபோது பழவேற்காட்டிலிருந்து மீன் கூடையோடு வருகிற கங்கம்மாள் பாதையில் நின்று பார்த்தாள்.

"இன்னா நைனா, இத்தோட நிறுத்திட்டியா?"

"அதுக்கு மேல கம்பி வலைன்னு சொன்னாங்கக்கா."

"வலையா? நாங்க கடலாண்ட குந்திகினு கீறோம், எங்களக் கேளு. புயல் அடிச்சா வலையா நிறுத்தும்? ஒரே இஸ்ப்பு, ஓலை, கோழி, வலை அல்லாம் ஆந்திராவுக்குப் பூடும். சொவர ஓலை வரைக்கும் ஏத்து."

போன வருஷம் புயலில் அவள் வீட்டுக் கூரை போனது உண்மைதான். சுவர் ஓலை வரைக்கும் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை லீவில் யேசுதாஸ் வந்தான். கம்பெனிக்குப் போன நாளாக எதைச் சொன்னாலும் கம்பெனியை வைத்துத்தான் சொல்வான். "எங்க ஷெட்டுல தர அரை அடி ஒசரம் பூவராகா. கீழ ஜல்லி, மேல மண்ணு போட்டு திமிசுக் கட்டையால அடிச்சு கெட்டி பண்ணியிருக்காங்க. சொவருக்கு வெள்ள அடிச்சா பூச்சி வராது." நியாயமாகத்தான் பட்டது. தரை உயர்ந்தது. சுவர் வெளுத்தது. குஞ்சுக்கு முதல் மூன்று வாரம் சூடு வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். உடனே மூலையில் கணப்புக்கு ஒரு மண்மேடை, மேலே புகை போக ஓட்டை. ராத்திரிக்கு விளக்கு வேண்டுமே என்று சுவரில் ஒரு மாடம். தீனி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு குனிந்து நுழைய முடியுமா என்று ஆதிகேசவன் கேட்டார். முடியாது. ஆகவே வாசல் ஆறடி உயரம், வேப்பமர நிலை, இரட்டைக் கதவு.

சொன்னது ஒவ்வொன்றும் கோழிக்காகத்தான் சொன்னது. ஒன்றிலாவது தப்பு கண்டுபிடிக்க முடியுமா? பூவராகவன் அத்தனைக்கும் தலை ஆட்டினான். எல்லாம் சேர்ந்து என்னவாக ஆகிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆபீஸ் கொடுத்த கம்பி வலைச் சுருள் வைக்க இடமில்லாமல் பிரிக்காதபடி புங்கமரத்தடியில் கிடந்தது.

செங்கம்மாள் நடவு முடித்து வந்து, சேறு கழுவாத காலோடு அந்தச் சுவரைத் தடவித் தடவிப் பூசினாள். தரையைச் சாணம் போட்டு மெழுகினாள். திங்கட்கிழமை கடைசி ஓலை ஏறியது. மறுநாள் விடிகாலையில் பூவராகவன் எழுந்து பார்த்தபோது அவள் கொட்டகை வாசலில் குந்திக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கோழிக்கு எதுக்குமே கோலம்?" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வாசல் கெழக்கப் பாத்துகினு கீது. சும்மா உட மனசு வரல" என்றாள். கோலத்தை முடித்துவிட்டு, மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அந்த இரட்டைக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "குடுத்து வச்ச கோழிங்கய்யா" என்றாள். சொல்லிவிட்டுக் குடிசைக்குள் குனிந்து போய்விட்டாள்.

பூவராகவனுக்குப் பிடிபடவில்லை. கோபமாகச் சொன்னாளா, சந்தோஷமாகச் சொன்னாளா? யாரிடமாவது கேட்கலாம் என்றால் இதை யாரிடம் போய்க் கேட்பது?

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். சைக்கிளை நிறுத்தினார். புதுக் கட்டடத்தைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், பூவராகவனைப் பார்த்தார்.

"வீடு பிரமாதமா கட்டியிருக்கீங்க. கோழிக் கொட்டகை எங்க?"

"இதுதான் சார்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கோழிக் கொட்டகைக்குள் போக ஒருவர் செருப்பைக் கழற்றுகிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மாடத்தைத் தொட்டார். கணப்பு மேடையைப் பார்த்து, "அடுப்பு கூடவா?" என்றார். பிறகு வெளியே வந்தார்.

"நீங்க உள்ள போங்க பூவராகவன். கதவைச் சாத்தறேன். கொஞ்ச நேரம் நின்னு பாருங்க."

சாத்தினார். உள்ளே பூவராகவன் தனியாக நின்றான். பங்குனி வெயில் கிழக்கு நீளச் சுவர் முழுக்க விழுந்து சுவர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பொட்டுக் காற்று இல்லை. நெற்றியில் வேர்த்தது, முதுகில் ஓடியது, மூச்சு முட்டியது. நாழி போகப் போகப் பயம் வந்தது. கதவு திறந்தபோது குளித்தவன் மாதிரி வெளியே வந்தான்.

"ஒரு ஆளுக்கே இப்படி. நூறு கோழி மூச்சு விடும், எச்சம் போடும். சித்திரை வெயில்ல சாயங்காலத்துக்குள்ள பாதி செத்துக் கிடக்கும். காலையில கிழக்குச் சுவர் காயும், மத்தியானத்துக்கு மேல மேற்குச் சுவர் காயும். அதுக்குத்தான் கிழக்கு மேற்கா நீளம்னு சொன்னேன். இத இடிச்சுக் கட்ட எத்தனை நாள் ஆகும்?"

"பாஞ்சி நாள் ஆவும் சார்."

"வெள்ளிக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு." அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "மன்னிச்சுக்குங்க. பேரை அடிக்கிறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

பூவராகவன் அழுதுவிட்டான். நாற்பது வயது ஆண்பிள்ளை, இடுப்புத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். "எல்லாரயும் கேட்டன் சார்! ஒருத்தரு உடாம கேட்டன்! மேஸ்திரியக் கேட்டன், மீன்காரியக் கேட்டன், கம்பெனிக்காரனக் கேட்டன்…"

"என்னைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஆபீஸ் மூன்று மைலில் இருந்தது. உலகத்தில் எல்லாரையும் கேட்டவன் அந்த ஒரு ஆளை மட்டும் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டருக்கே சங்கடமாகப் போயிற்று. பேனாவைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். செங்கம்மாள் அப்போது வந்து, "சார், வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றாள். வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப அவளுக்கு மனசில்லை.

பழைய குடிசைக்குள் மூவரும் குனிந்து நுழைந்தார்கள். கடல் காற்று கிளம்பிவிட்ட நேரம். தட்டியை ஒதுக்கி வைத்திருந்தாள். காற்று சிலுசிலுவென்று நுழைந்து போனது. இன்ஸ்பெக்டர் குட்டிச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மோரைக் குடித்தார். சட்டை வேர்வை ஆறியது. அவருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடி விளக்க ஆரம்பித்தார்.

"நான் சொன்னது கஷ்டமே இல்லம்மா. இப்படி நீளமா கிழக்கு மேற்கா," என்று கையை நீட்டிக் காட்டினார். "சுவர் இவ்வளவு உயரம், முழங்காலுக்கு. அதுக்கு மேல திறந்து கிடக்கணும், வலை மட்டும். ஓலை இப்படி முன்னாடி இறங்கி வந்தா வெயில் உள்ள விழாது. காத்து இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகணும். அவ்வளவுதான்."

செங்கம்மாள் அவர் கை போன இடமெல்லாம் பார்த்தாள். நீட்டிய கை குடிசையின் நீளத்தில் இருந்தது. முழங்கால் உயரத்துக்குக் காட்டிய கை, அவர் சாய்ந்திருந்த சுவரையே தொட்டது. அவள் மெதுவாகக் கேட்டாள்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க சொல்றது அல்லாம் இங்கயே கீதே?"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். சிரித்தவர் பாதியில் நிறுத்தினார். எழுந்து டேப்பை இழுத்தார். "பதினஞ்சு அடிக்கு எட்டு அடி. நூத்தி இருபது சதுர அடி" என்றார். வாசல் வழியே போய்ச் சூரியனைப் பார்த்தார், மறுபடி குனிந்து உள்ளே வந்து தரையைப் பார்த்தார். எங்கேயும் ஒரு பொட்டு வெயில் இல்லை. "அட கடவுளே" என்றார். "கொட்டகைக்குள்ளதான் உக்காந்துக்கிட்டு கொட்டகை எங்கன்னு தேடறோம்!"

பூவராகவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இது எங்க ஊடு சார்" என்றான்.

"ஊடு அங்க கீதுய்யா!" என்றாள் செங்கம்மாள். பதினோரு வருஷத்தில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து அவன் கேட்டதில்லை. கை கிழக்கு வாசலைக் காட்டிக்கொண்டிருந்தது. "நாலு பக்கம் சொவரு. மாடம். அடுப்பு. கோலம் கூட நானே போட்டு வச்சிட்டன். நீ எனக்குத்தான்யா கட்டிகினு இருந்த, உனக்கே தெரியல!"

"கோழிக்குத்தானமே கட்டனேன்?"

"எனக்குன்னு கட்டச் சொல்லியிருந்தா நீ இன்னும் முளைக்குச்சி அடிச்சிகினு இருப்ப!"

அதற்கு இன்ஸ்பெக்டர் சத்தமாகவே சிரித்துவிட்டார்.

"அப்ப தெக்கு வாசல்? எமன் வாசல்னு…" என்று இழுத்தான் பூவராகவன்.

"கறிக்கோழிதானப்பா, எந்த வாசல் வழியா போனா என்ன? வாசலே வலை போட்டு மூடிட்டு ஓரத்துல சின்னதா கதவு வச்சுக்குங்க." பேனாவைத் திறந்தார். "கொட்டகை தயார்னு எழுதறேன். எது கொட்டகைன்னு ஃபாரத்துல கேக்கல. ஆனா புது வீட்டுக்கு வடக்கால ஒரு ஜன்னல் உடைங்க. நீங்களும் மூச்சு விடணும் இல்ல?"

மூன்று நாள் குடும்பமே ஓடியது. சட்டி பானையைப் பதினைந்து எட்டு தூக்கிக்கொண்டு போனார்கள். ஆதிகேசவன் வந்து மிச்ச ஓலையைப் பழைய கூரை மேல் போட்டுக்கொடுத்தார். கோழிக்குக் கட்டியதில் மனுஷன் இருப்பதா என்று முணுமுணுத்தார், முணுமுணுத்துக்கொண்டே வடக்கு ஜன்னலையும் உடைத்தார். கம்பி வலைச் சுருளைப் பிரித்தார்கள். குட்டிச்சுவருக்கு மேல் சுற்றிலும் அடித்தார்கள், கச்சிதமாக வந்தது. கீழே வேர்க்கடலைத் தோலை மூன்று விரற்கடை கனத்துக்குப் பரப்பினார்கள். குஞ்சுக்குக் குளிர் அடிக்காமல் இருக்க முதல் மூன்று வாரத்துக்குக் கோணி கட்டி, நடுவில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டார்கள். இது எல்லாவற்றுக்கும் பூவராகவன் மூன்று மைல் நடந்து ஆபீசுக்குப் போய் இன்ஸ்பெக்டர் ஒருவரைத்தான் கேட்டான். டீக்கடைக்காரன் கூப்பிட்டு, "கோணிய ஏன்டா கட்டற?" என்றதற்கு, "கேட்டுட்டன், கேட்டுட்டன்" என்று நிற்காமல் நடந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜீப்பில் அட்டைப் பெட்டியாக வந்து இறங்கியது. பெட்டியைத் திறந்தால் மஞ்சள் பஞ்சு உருண்டை மாதிரி நூறு குஞ்சு, நூறும் ஒரே நேரத்தில் கத்துகிறது. செண்பகம் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்து அறுபதில் குழம்பிப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அப்பன் பிள்ளை. பூவராகவன் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் தொட்டுத் தொட்டு உள்ளே விட்டான். முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இது எல்லாம் என்னுடையதா, நான் பார்த்துக்கொள்ள வேண்டியதா என்று இருந்தது அவனுக்கு.

அந்திக்கு விளக்கு வைத்த நேரம். களைப்பு. கால் கழுவிக்கொண்டு, பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாற்பது வருஷப் பழக்கம் இழுத்த பக்கம் நடந்தான். வழக்கமான இடத்தில் வழக்கம்போல முதுகை வளைத்தான். தலை வலையில் இடித்தது. கோணி விலகிய இடுக்கில், விளக்கைச் சுற்றி நூறு குஞ்சு ஒரே நேரத்தில் திரும்பி அவனைப் பார்த்தது. அவன் அவற்றைப் பார்த்தான். யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று இரண்டு தரப்புக்கும் தெரியவில்லை.

"யோவ்!" என்று பின்னாலிருந்து சத்தம். "அது கோழி ஊடுய்யா! நம்ம ஊடு இங்க கீது!"

திரும்பினான். கிழக்கு வாசலில் இரட்டைக் கதவும் திறந்திருந்தது. மாடத்தில் விளக்கு. செண்பகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செங்கம்மாள் வாசற்படியில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

பூவராகவன் பதினைந்து எட்டையும் நடந்து வந்து வாசலில் நின்றான். பாயை இறுக்கிக்கொண்டு முதுகை வளைத்தான்.

"குனியாதய்யா" என்றாள் செங்கம்மாள். "நிமுந்தே வா."

அவன் ஒருமுறை அண்ணாந்து நிலையைப் பார்த்தான். தலைக்கு மேல் ஒரு சாண் இடம் இருந்தது. பிறகு நிமிர்ந்து உள்ளே போனான்.